யார் பெயரில் கொழுந்து

சுலக்ஷனா ஒரு கையால் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே மறு கையால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாதத்தில் விழுந்த அவள் அப்பா நல்லமுத்துவைப் பார்த்துக்கொள்ள நான் தினமும் போவேன். கரண்டியைப் பிடுங்கினேன்.

"பொரையேறுனா ஒன் கம்ப்யூட்டரா முதுகத் தட்டும்?"

நோர்வூட் தோட்டத்து லய வீட்டில் பிறந்து கணினி படித்தவள் அவள். சிறு தேயிலைத் துண்டு வைத்திருக்கும் பெண்களின் கொழுந்தைத் தொழிற்சாலையில் பதிய ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதிக் கொடுத்திருந்தாள். பதிந்ததை யாராலும் அழிக்க முடியாத கணினிக் கணக்கு அது. தொழிற்சாலைக்கும் அப்படியொன்று ஏற்கெனவே இருந்தது. அதைத் தன்னுடையதோடு சேர்த்து எழுத வேண்டியதில்லை. அதன் முகவரியும், கூப்பிட வேண்டிய செயலின் பெயரும் தெரிந்தால் வெளியில் நின்றே கூப்பிடலாம். 'கொழுந்தை ஏற்றுக்கொள்' என்ற ஒரு செயல் போதுமென்று அதை மட்டும் குறித்துக்கொண்டாள்.

அன்று அழகம்மா வாசலில் வந்து நின்றார். சுலக்ஷனாவை நம்பி முதலில் சேர்ந்தவர் அவர்தான்.

"ஏம்புள்ள, பெக்டரியில என் பேரே இல்லையாம். எல்லாக் கொழுந்தும் ஒன்னோட கணக்குலதான் கெடக்காம். தொரசாணி ஆயிட்டியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சுலக்ஷனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெயர் பதிவானவர்களுக்குத்தான் தொழிற்சாலை உரம் கொடுக்கும். சனிக்கிழமையோடு பதிவை மூடுகிறார்கள்.

மடிக்கணினியில் தேடிப் பார்த்தாள். அழகம்மா அவளுடைய கான்ட்ராக்டைக் கூப்பிட, அது தொழிற்சாலையுடையதைக் கூப்பிட்டிருக்கிறது. கூப்பிட்டது யாரென்று அங்கே பார்த்தபோது, நடுவில் நின்ற இவளுடையதுதான் தெரிந்திருக்கிறது; அழகம்மா தெரியவில்லை. 'இன்னாருக்காக ஏற்றுக்கொள்' என்று இன்னொரு செயலும் அங்கே இருந்தது. அதை அவள் குறித்துக்கொள்ளவேயில்லை.

"அதையும் சேத்துப் புதுசா எழுதிர்றேன். இனிமே ஒங்க பேருலயே விழும் அத்த."

"முன்ன விழுந்தது?"

"அழிக்க முடியாது. யாரு எவ்வளவு அனுப்புனாங்கன்னு என்னோடதுல இருக்கு. அத பெக்டரிக்காரங்க ஏத்துக்கணும்."

"ஏத்துக்கலன்னா? நீ சொன்னேன்னுதானே சேந்தோம்."

அவள் தலையைக் குனிந்தாள்.

"குனிஞ்சா ஒரம் வராது," என்றேன். "மொதல்ல புதுச எழுதி முடி. பெறகு அவங்ககிட்டப் போய்ப் பேசு."

மறுநாள் காலை தராசடியில் அழகம்மாவின் கொழுந்தை முதலில் நிறுத்தார்கள். அவர் பெயரிலேயே விழுந்தது. மற்றப் பெண்கள் பையை இறக்கவில்லை. பழைய கொழுந்துக்குப் பதில் வரட்டும் என்றார்கள். சுலக்ஷனா வாதாடவில்லை. அழகம்மாவைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகத் தலவாக்கலை பஸ்ஸில் ஏறினாள்.