விபத்து எழுதிய சீட்டு

அந்தச் சீட்டுக்கட்டு கம்பெனி கொடுத்தது. பாதுகாப்பு வாரம் என்று வருஷத்துக்கு ஒருமுறை வைப்பார்கள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே ஷாமியானா போட்டு, லெமன் சாதமும் ஜாங்கிரியும் கொடுத்து, கிளம்பும்போது சேஃப்டி ஆபீசர் கையால் வீட்டுக்கு ஒரு மஞ்சள் டப்பா தந்தார்கள். எவர்சில்வர் தட்டு தருவார்கள் என்று நம்பிப் போனவள் நான். திறந்தால் சீட்டுக்கட்டு.

"ஆம்பளைங்களுக்குச் சீட்டாடக் கத்துக் குடுக்கறதுக்கு ஒரு ஆபீசரு வேற வெச்சிகீறாங்களா?" என்று பஸ்ஸிலேயே என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. அவர் அங்கே, மேலிருந்து இறங்கித் தகட்டை அடிக்கும் பிரஸ் மெஷினில் இருந்தார். நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட்தான். இந்த வருஷம் பர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். வடக்குப்பட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. எங்கள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு.

ஆட்டம் புதிதில்லை. சீட்டுக்கட்டில் ஒரு ராணியை எடுத்துவிட்டு, ஜோடி சேரச் சேரக் கீழே போட்டு, கடைசியில் ஜோடியில்லாத ராணியோடு யார் நிற்கிறாரோ அவரைக் கழுதை என்று கத்துவோமே, அதுதான். அதையே கம்பெனிக்கு ஏற்றமாதிரி மாற்றியிருந்தார்கள். ஒரு சீட்டில் தலை, அதற்கு ஜோடி ஹெல்மெட். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ஷூ. இரண்டு கைக்கு இரண்டு பட்டன்; இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் மெஷின் இறங்கும், கை உள்ளே மாட்டாது. ஜோடியில்லாமல் ஒரே ஒரு சீட்டு. அதில் நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் தரையில் கிடப்பான், மேலே சிவப்பில் 'விபத்து' என்று எழுதியிருக்கும். அந்த ஆளுக்குக் கண், மூக்கு எதுவும் வரையவில்லை. எனக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை. மகளுக்கு மட்டும் அந்தக் கட்டின் மேல் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு பாயை விரித்து உட்காருவோம். நாலாவது கைக்கு மாடி அறைத் தம்பி வருவான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்கள் ஐந்து பேர் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருந்தார்கள், அதில் ஒருவன். இருபத்திரண்டு வயசு. அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. எனக்கு வலது பக்கம் உட்காருவான், என் கையிலிருந்துதான் அவன் சீட்டு உருவ வேண்டும். அதில் நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். விபத்துச் சீட்டு என்னிடம் வந்தால் அதை மற்றவற்றைவிட நகக்கண் அளவு தூக்கிப் பிடிப்பேன். பாவம், எப்போதும் அதைத்தான் உருவுவான்.

"அக்கா கையில என்னமோ வசியம் இருக்கு" என்பான். நான் தரையைத் தட்டிச் சிரிப்பேன்.

ஜோடி போடுகிறவர் அந்தப் படத்தில் உள்ளதை நடித்துக் காட்ட வேண்டும் என்று மகள் ஒரு சட்டம் போட்டாள். ஹெல்மெட் என்றால் மாட்டிக் காட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கையும் இரண்டு பட்டனும் என் வீட்டுக்காரருக்குச் சேர்ந்தது. ஜோடியைக் கீழே போட்டார், யோசிக்காமல் செய்து காட்டினார். இடது கை பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து முன்னால் கொண்டுபோய் வைத்தது. வலது கை பாயை ஒரு அடி அடித்தது. மறுபடி இடது கை உள்ளே, வலது கை அடி. அவ்வளவு வேகம்.

"தப்புப்பா" என்றாள் மகள். "படத்துல ரெண்டு கையாலயும் அமுக்கறாங்க. நீ ஒரு கையாலதான் அமுக்கற."

அவர் கை அப்படியே நின்றது. தம்பி தன் சீட்டுகளைக் குனிந்து பார்த்தான்.

தம்பி மாடிக்குப் போன பிறகு பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு பட்டன யாரு அமுக்கறது?"

"அட்டைய மடிச்சி வெச்சி டேப்பு சுத்திகீது. அது தானா அமுங்கிகினே இருக்கும்."

"யாரு வெச்சது?"

"சூப்பர்வைசருதான். ரெண்டு கையாலயும் அமுக்கினுகீந்தா டார்கெட்டு வராதுடி."

"அப்போ லெப்ட் கை எங்க இருக்கும்?"

"உள்ளதான். பீஸ் வெக்கணும்ல."

"நீ உள்ள கைய வெச்சிகினு இருக்கசொல்ல மெஷின் எறங்கினா?"

"நான் அமுக்கினாத்தான எறங்கும்? நாலு வருஷமா அமுக்கறேன், எனுக்குத் தெரியாதா?" என்று லுங்கியை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து பயம் என்னோடு குடியேறிவிட்டது. இரண்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ் அவரை ரோட்டில் இறக்கிவிடும். நான் இரண்டரைக்கே வாசலில் நிற்பேன். அவர் வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் தட்டு கீழே விழுந்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடும். அவர் சோற்றைப் பிசையும்போது அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னாடி, பேய் புடிச்சிச்சா?" என்று கேட்பார். பேய் பிடித்திருந்தால் பரவாயில்லை, வேப்பிலை அடித்தாவது ஓட்டியிருக்கலாம்.

மஞ்சள் டப்பாவின் பின்பக்கம், 'ஆபத்தைக் கண்டால் சொல்லுங்கள்' என்று போட்டு ஒரு நம்பர் இருந்தது. ஒரு நாள் காலையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று அந்த நம்பருக்குப் போட்டேன். "சேஃப்டி, சொல்லுங்க" என்றது ஒரு ஆண் குரல். எந்த மெஷின் என்று கேட்பான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். கான்ட்ராக்ட் ஆளுடைய கேட் பாஸைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்? கட் செய்தேன். அவன் திரும்பக் கூப்பிட்டான். போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன். மறுநாள்தான் வெளியே எடுத்தேன்.

பிறகு என் பலமெல்லாம் அவரிடம்தான் காட்டினேன். அழுதேன், பேசாமல் இருந்தேன், மகளைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத்தில் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டினேன். "அந்த மெஷின வுட்டு வா. வேற எங்கியாவது போடச் சொல்லு. அது போதும் எனுக்கு." வல்லக்கோட்டை முருகனுக்கும் வேண்டிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு எதுவும் வந்துவிடக்கூடாது என்றுதான் வேண்டினேன். அந்த மெஷின் சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் அவர் தோள்பட்டை வலி என்று பொய் சொல்லி, பேக்கிங்குக்கு மாற்றிக்கொண்டு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே தம்பி கடலைமிட்டாய் பாக்கெட்டோடு வந்து நின்றான்.

"அக்கா, என்னைய ஆப்பரேட்டர் ஆக்கிட்டாக. அண்ணன் எடத்துல நான்."

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். நான் பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"பாத்து வேல செய்யிப்பா" என்றேன்.

"அதெல்லாம் அண்ணன் காட்டிக் குடுத்துட்டாக. அந்த அட்டை வச்சிருக்கத மொதக்கொண்டு."

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. நான் மகளைக் கூப்பிட்டு மிட்டாயைக் கொடுத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டைக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்றரை மாதம் இருக்கும். காலையில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி பெயரைச் சொல்லி, அங்கே இருந்து ஆம்புலன்ஸ் போகுது என்றாள் ஒருத்தி. பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி கம்பெனி வாசலில் இறங்கும்போது என் காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

"யாருக்கு அண்ணா?" என்று கேட்டில் நின்ற செக்யூரிட்டியைக் கேட்டேன்.

"ஒரு பையனுக்குக் கையில அடிம்மா. ஸ்ரீபெரும்புதூர் கொண்டுகினு போய்ட்டாங்க."

"எந்த செக்‌ஷனு?"

"பிரஸ்ஸு."

"முருகா, காப்பாத்திட்ட" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சத்தமாகவே சொன்னேன். செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம்தான் பிரஸ்ஸில் யார் நிற்கிறான் என்பது எனக்கு உறைத்தது. கேட்டுக்கு எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பிக்கு இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் அட்டையும் இல்லை, டேப்பும் இல்லை. என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். பட்டன் இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் அவரிடம் சண்டைக்கு நிற்கிறவள் நான். அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் தம்பி சொல்லிக்கொள்ள வந்தான். அது ஞாயிற்றுக்கிழமை. கையில் பெரிய கட்டு. "மாமா, ஒரே ஒரு ஆட்டம்" என்று மகள் மஞ்சள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் அதட்டினேன். அவன், "ஆடட்டும்க்கா, பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு" என்று பாயில் உட்கார்ந்தான், அதே இடத்தில். சீட்டு பிடிக்க இடது கை ஆகாது. மகள் தன் பென்சில் டப்பாவை அவன் முன்னால் வைத்து, சீட்டுகளை அதில் சாய்த்து நிறுத்திக் கொடுத்தாள். வலது கையால் உருவினான். ஜோடி சேர்ந்தால் நடிக்க வேண்டும் என்ற சட்டத்தை அன்று யாரும் பேசவில்லை.

மகள் முதலில் ஜெயித்தாள். அடுத்து அவர் கையைக் காலி செய்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நாங்கள் இருவர் மட்டும் மிச்சம். அவனிடம் ஒரு சீட்டு, என்னிடம் இரண்டு. என்னுடைய இரண்டில் ஒன்று கண்ணாடி, இன்னொன்று விபத்து. அவன் உருவ வேண்டிய முறை.

அவன் வலது கை என் பக்கம் நீண்டது. அப்போதுதான் பார்த்தேன், விபத்துச் சீட்டு மற்றதைவிட நகக்கண் அளவு மேலே தூக்கி நின்றது. நான் நினைத்துச் செய்யவில்லை. என் விரல் தானாகச் செய்திருந்தது. அவன் விரல் அதன் மேல் படுவதற்குள் இரண்டு சீட்டையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அம்மா அழுகுணி! அம்மா அழுகுணி ஆட்டம் ஆடுது!" என்று மகள் குதித்தாள்.

"ஆமாண்டி, அழுகுணிதான்" என்றேன். அதற்கு மேல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அவன் முந்திக்கொண்டான்.

"விடு பாப்பா. கெட்ட சீட்டு எனக்கு வந்துரக் கூடாதுன்னு அக்கா பாக்காக."

என் வீட்டுக்காரர் வாசலில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தார். தம்பி எழுந்து, பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு, "வாரேன்க்கா" என்று சிரித்தான். அவன் தெருமுனை திரும்பும் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் இருந்த கையை நான் முன்னால் கொண்டுவரவில்லை.