லேசர் மெஷினுக்கு விபூதி

எங்கள் சிஞ்ச்வட் அடுக்குமாடி சொசைட்டியின் மொட்டைமாடித் தொட்டியை யார் கழுவச் சொன்னாலும் செக்ரட்டரிக்குக் கோபம் வரும். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே!" என்பார். அவர் மராட்டிக்காரர், நல்ல மனுஷர்தான். எனக்கோ மழைக்காலம் முடிந்ததிலிருந்து குழாய்த் தண்ணீரில் ஒரு பாசி வாடை. மகளிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாரிடம் சொல்வது? லிஃப்டில் ஆள் ஏறினாலே நான் சுவரைப் பார்த்து நிற்பவள்.

மகள் வேலை பார்ப்பது தண்ணீரைப் பரிசோதிக்கும் மெஷின் செய்கிற இடத்தில். ஒரு சனிக்கிழமை அனுமதி கேட்டு ஒரு மெஷினை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தால், பச்சை நூல் மாதிரி லேசர் வெளிச்சம் அதற்குள் போகும். கண்ணுக்குத் தெரியாத தூசி இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, லேப்டாப்பில் புள்ளி புள்ளியாக மின்னும்.

"சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்மா. அதுக்குள்ள செக்ரட்டரி அங்கிள் கண்ணால பாத்தாதான் தொட்டி கழுவுவாரு. இல்லேன்னா இந்தத் தண்ணிதான் நமக்கு," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

என் வீட்டுக்காரர் மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஃபாக்டரியில் லேத் ஓட்டி ரிட்டயரானவர். "பூஜை போடாம எவனாவது மெஷின ஸ்டார்ட் பண்ணுவானா?" என்று விபூதித் தட்டை எடுத்தார். மெஷினுக்கு நெற்றி எது என்று தெரியாமல் நாலு பக்கமும் பட்டை போட்டார். பக்கத்தில் வைத்திருந்த குப்பிக்கும் ஒரு பட்டை.

மகள் வந்து பார்த்து அலறினாள். "அரே அப்பா! இது என்ன லாரியா? துடைங்க, ஜல்தி!"

தோளில் கிடந்த துண்டால் மெஷினைத் துடைத்தார். அதே துண்டின் நுனியைக் குப்பிக்குள்ளும் விட்டுத் திருகிப் பளபளவென்று ஆக்கினார். அவருக்கு எதிலும் அரைகுறை பிடிக்காது. மகள் அதற்குள் தலை துவட்டப் போயிருந்தாள்.

மகள் கூப்பிட்டிருந்தபடி செக்ரட்டரி, சொசைட்டிக் கமிட்டி ஆள் ஒருவரோடு வந்தார். நான் டீ கொடுத்துவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். மகள் முதலில் அந்தக் குப்பியில், ஆபீசிலிருந்து கொண்டுவந்த சுத்தமான தண்ணீரை ஊற்றினாள். திரையில் தீபாவளி! பெட்டியிலிருந்து வேறு குப்பி எடுத்துத் தொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அதில் பாதிகூட மின்னவில்லை.

"பகா, பகா!" என்று செக்ரட்டரி தொடையைத் தட்டினார். "பார்த்தியா பேட்டா, உங்க ஆபீஸ் தண்ணியைவிட நம்ம தொட்டித் தண்ணி சுத்தம்! உங்க ஆபீசுக்குத் தினம் ஒரு டேங்கர் அனுப்பட்டுமா?"

மகள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ அந்தத் துண்டுதான் கண்ணில் பட்டது. கால் தானாக நடந்துவிட்டது. நேரே போய் வீட்டுக்காரர் தோளிலிருந்து துண்டை உருவினேன்.

"ஏய், ஏய்! என்னடி பண்றே, ஆளுங்க இருக்காங்க!" வெறும் பனியனோடு அவர் மார்பைக் கைகளால் மூடிக்கொண்டார்.

இன்னொரு குப்பியில் ஆபீஸ் தண்ணீர் ஊற்றச் சொல்லி மகளுக்குச் சைகை காட்டினேன். வைத்துப் பார்த்தாள்; திரை கிட்டத்தட்ட இருட்டு. அதே குப்பியில் துண்டின் நுனியை நனைத்துக் கொடுத்தேன். திரை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

"விபூதியா?" என்றாள் மகள்.

"நாலு பக்கமும் போட்டேனே, அது துண்டுல இருக்காதா?" என்றார் இவர், ஏதோ சாதித்தவர் மாதிரி.

கமிட்டி ஆள் சிரித்துப் புரையேறி இருமினார். மகள் புதுக் குப்பியில் மறுபடி தொட்டித் தண்ணீரை வைத்தாள். சுத்தத் தண்ணீரின் இருட்டுக்கு முன்னால் அது ஈசல் கூட்டம் மாதிரி மொய்த்தது. செக்ரட்டரியின் சிரிப்பு மெதுவாக நின்றது. கையிலிருந்த கப்பைப் பார்த்தார். பாதி காலி.

"காகூ," என்று சித்தி முறை வைத்து முதல் தடவையாக என்னிடம் கேட்டார், "இந்த சாய் எந்தத் தண்ணியில போட்டது?"

எனக்கு வெட்கம் வந்துவிட்டது. விரலை மேலே காட்டினேன்.

கப்பைக் கீழே வைத்தார், போனை எடுத்தார், தொட்டி கழுவுகிறவனை விடிந்ததும் வரச் சொன்னார்.

"கொதிச்சதுதானே, வீணாக்குவானேன்," என்று மிச்ச டீயை என் வீட்டுக்காரர் குடித்துவிட்டார்.