செவலைக்குச் சொன்ன சேதி

அபிஷேகப்பாக்கத்தில் ஆண்டாள் வீட்டுப் பசுவுக்குத் தெரியாத ஊர்ச் சேதி எதுவும் கிடையாது. தெருமுனை லைட் எத்தனை நாள் எரியவில்லை, ஆண்டாளின் முழங்கால் எந்தப் படியில் ஏறும்போது வலிக்கிறது, கயினியில் எலி எங்கே வரப்பைத் துளைத்தது, எல்லாம் அந்தச் செவலைக்குத் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவிடு கரைத்துத் தண்ணி காட்டப் போனால், அன்றைய நாள் முழுவதையும் ஆண்டாள் அதன் காதில் போட்டுவிடுவாள். செவலைக்கு முன்னால் அதன் தாய்க்குப் போட்டாள். ஆக மொத்தம் ஒன்பது வருடம்.

மாட்டிடம் பேச எதற்கு இப்படித் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று கேட்டால் நீங்கள் வெளியூர். சேதி மாட்டுக்கு இல்லை. தோட்டத்தின் குறுக்கே ஓடுகிற இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், குழாயடியில் பாத்திரம் துலக்குகிற மணியம்மாளுக்கு. மணியம்மாள் யாரோ அல்ல, ஆண்டாளின் கொழுந்தன் அரங்கநாதனின் பெண்டாட்டி. ஓரகத்தி. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை.

சண்டை எதனால் என்று கேட்கிறீர்களா? பேனரால். மணியம்மாளின் மகள் சரண்யாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது தெருமுனையில் பதினைந்து அடிக்கு பேனர் கட்டினார்கள். தாய்மாமன் முகம், கட்சிக்காரர் முகம், கூலிங் கிளாஸ் போட்ட யார் யாரோ பையன்கள் முகம் என்று நாற்பத்திரண்டு முகம். ஆண்டாள் நின்று எண்ணினாள். பெரியம்மாவின் முகம் மட்டும் இல்லை! மூன்று நாள் பந்திக்கு வெங்காயம் உரித்தவள் முகம் இல்லை. பிரிண்ட் போட்டவன் விட்டுவிட்டான் என்றாள் மணியம்மாள். நாற்பத்திரண்டு முகத்தை விடாதவன் என் முகத்தை மட்டும் விட்டானா என்றாள் ஆண்டாள். அன்றைக்கு நின்றது பேச்சு.

நேர்ப்பேச்சுதான் நின்றது. ஜாடைப்பேச்சு அன்றைக்கே தொடங்கிவிட்டது. அதற்கு ஒரு முறை உண்டு. பேர் சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, ஆண்டாள் மாட்டைப் பார்த்துப் பேச வேண்டும், மணியம்மாள் கோழியைப் பார்த்துப் பேச வேண்டும்.

"கேட்டியாடி செவலை, இன்னிக்கு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு நான் ஒருத்தியேதான் போனேன். தெருவுல இத்தினி ஆம்பளைங்க இருக்கானுங்க, ஒருத்தன் வாயத் தொறக்கல. நான் போயி நின்னேன், மூணு மணிக்கெல்லாம் ஏணியோட வந்து லைட்ட மாட்டிட்டாங்க. இனிமே அந்த வெளிச்சத்துல கண்டவளும் நடப்பா. நடக்கட்டும், நடக்கட்டும்."

அந்தப் பக்கம் குழாய் மூடப்படும் சத்தம் கேட்கும். பிறகு:

"லைட்டு போட்டாங்களாம்டி கருப்பி. இன்னாவோ சூரியனையே புடிச்சாந்து மாட்டின மாதிரி பேச்சு. இங்க மாவு பொங்காம இட்லி கல்லா கெடக்குது, வூட்டுக்காரரு மூஞ்சத் தூக்கிகினு பட்டினியா போயிட்டாரு. அத்தப் போயி யாராண்ட சொல்றது?"

"கையால கரைக்காம கரண்டியால கரைச்சா மாவு எப்பிடிடி பொங்கும் செவலை? சோம்பேறிக்கு இட்லி ஒரு கேடா?"

மறுநாள் மணியம்மாள் கருப்பிக் கோழியிடம், இட்லி பஞ்சு மாதிரி வந்தது என்றும், யாரும் சொல்லிக்கொடுத்து ஒன்றும் வரவில்லை என்றும் தெரிவித்தாள். கையால்தான் கரைத்திருக்கிறாள், திருடி! ஆண்டாளுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

ஆண்டாளுக்குப் புருஷன் இல்லையா, பிள்ளை இல்லையா என்றால், இருக்கிறார்கள். பச்சையப்பன் கயினியிலிருந்து வந்தால் கால் கழுவுவார், டிவி போடுவார். பேசினால் "ம்" என்பார். அந்த "ம்" டிவிக்கா ஆண்டாளுக்கா என்று அவருக்கே தெரியாது. மகன் குமரவேல் ஓசூரில் கம்பெனி வேலை. போன் செய்தால், "சொல்லும்மா... சரிம்மா... சாப்ட்டியா? வைக்கிறேன்மா." ஆண்டாள் இன்னும் காலையில் எழுந்த கதைக்கே வந்திருக்க மாட்டாள். அவளுடைய ஒரு நாளை முழுசாகக் கேட்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான், அந்த ஒருத்தியின் முகத்தில் விழித்தால் ஆண்டாளுக்குப் பச்சைத் தண்ணீர் இறங்காது.

இந்த வருடம் பொங்கலுக்குக் குமரவேல் வந்தான். நான்கு நாள் லீவு என்றவன் இரண்டாம் நாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப ஆயத்தமானான். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல்.

"புள்ள வந்தானாம், ரெண்டே நாள்ல ஓடறானாம் கருப்பி. பின்ன இன்னா செய்வான்? அந்த வாயி பேசறத யாரால உக்காந்து கேக்க முடியும்?"

ஆண்டாள் கையிலிருந்த தவிட்டு வாளியை அப்படியே போட்டாள். நேராக உள்ளே போய் மகன் முன்னால் நின்றாள்.

"செவுரு கட்டணும்டா. ஆறடிக்குக் கட்டணும். அவ மூச்சுக் காத்து கூட இந்தப் பக்கம் வரக்கூடாது."

பேச்சை முடிக்க அதுதான் வழி என்று அவனும் சரியென்றான்.

வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து இன்னாசிமுத்து கொத்தனார் வந்தார். நல்ல மனிதர், வேலை சுத்தம். பழைய சுவரை இடித்து நூல் பிடித்துக் கட்டினார். நாலாவது வரிசை வந்ததும் நிறுத்திவிட்டு, "எம்மா, நடுவுல ரெண்டு ஜாலி, ஓட்டை வச்ச கல்லு, வச்சி வுடட்டுமா? மாட்டுக்குக் காத்து வரும்" என்றார்.

"ஜாலியும் வேணாம் கீலியும் வேணாம். ஈ நொழையற ஓட்டை கூட இருக்கக் கூடாது. இருந்தா உன்னத்தான் கேப்பேன்."

"உன் இஷ்டம்மா" என்று அவர் ஜாலிக் கல்லைத் தூரப் போட்டார். ஐந்தாம் நாள் சுவர் தலைக்கு மேல் எழும்பியது. பூசியும் ஆயிற்று. அதன் தலையில் தகரத்தைச் சாய்த்து மாட்டுக் கொட்டகையையும் புதிதாக இறக்கினார்கள். கடைசியாக அந்தப் பக்கமிருந்து வந்த பேச்சு, "ஜெயில கட்டிக்கினு உள்ள உக்காந்துக்கட்டும், நமக்கின்னா கருப்பி" என்பது. ஆண்டாள் வெற்றிச் சிரிப்பு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை. மறுநாள் ஐந்து மணிக்குப் போய், புதுச் சுவர் எவ்வளவு ஜோர் என்று செவலையிடம் சொல்லத் தொடங்கினாள். குரல் தகரத்தில் மோதி அவள் தலையிலேயே விழுந்தது. பேச்சை நிறுத்திக் காது கொடுத்தாள். அந்தப் பக்கம் குழாய் ஓடுகிறதா, மூடிவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. செவலை தவிட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சீ, இந்த மாட்டுக்கு என்ன தெரியும் என்று வந்தது ஆண்டாளுக்கு. ஒன்பது வருடத்தில் அப்படி வந்தது அன்றைக்குத்தான்.

பச்சையப்பனிடம் சொல்லிப் பார்த்தாள். வரப்பில் எலி வளை அடைத்ததை, மதகடிப்பட்டு பஸ்ஸில் சீட்டுக்காக ஒருத்தியிடம் சண்டை போட்டு ஜெயித்ததை. "ம்" என்றார். "அவள நான் இன்னா கேட்டேன் சொல்லு பாப்போம்?" என்று மடக்கினாள். "எவள?" என்றார். ஆண்டாள் டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். பேசாமலிருந்து பேசாமலிருந்து அவளுக்குத் தூக்கமே போயிற்று. அந்த இன்னாசிமுத்து ஜாலி வைக்கிறேன் என்றபோது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? இதை யாரிடமும் சொல்ல முடியாது. செத்தாலும் சொல்ல முடியாது.

சரியாகப் பதினோராவது நாள் மத்தியானம் செவலைக்கு வலி எடுத்தது. பச்சையப்பன் கயினியில். மாட்டு டாக்டர் வேறு ஊரில் இருந்தார், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். ஆண்டாள் பார்த்தாள், குளம்பு மேல் பார்த்து வருகிறது. பின்னங்கால்! தலை கடைசியில் வந்தால் கன்றுக்கு மூச்சு முட்டிவிடும். ஒரு மணி நேரம் யார் காத்திருப்பது? பழைய புடவையைக் கிழித்து இரண்டு காலிலும் கட்டினாள். செவலை முக்கும்போது இழுத்தாள், விடும்போது விட்டாள். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. கன்று வழுக்கி அவள் மடியிலேயே வந்து விழுந்தது. மூச்சு இல்லை. மூக்கில் கை விட்டு வழித்துப்போட்டு, வைக்கோல் துரும்பால் குத்தினாள். "தும்முடி! தும்மித் தொலையேண்டி!" கன்று தும்மியது. ஆண்டாள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பச்சையப்பன் வந்து, "போட்டுடுச்சா? நல்லது. சோறு இருக்கா?" என்றார். மகனுக்குப் போன் போட்டாள். "சூப்பர்மா. மீட்டிங்ல இருக்கேன், அப்பறமா பேசறேன்."

ஐந்து மணி ஆயிற்று. கொட்டகையில் நின்று, "கேட்டியாடி செவலை" என்று ஆரம்பித்தாள். பின்னங்கால் வந்ததைச் சொன்னாள், புடவை கிழித்ததைச் சொன்னாள். தகரம் வாங்கிக்கொண்டது. பாதியில் நிறுத்திவிட்டாள். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. கொட்டகைக்கு வெளியே சுவரோரம் கிடந்த துவைக்கிற கல்லின்மேல் ஏறி, குதிகால் தூக்கி, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

குழாய் மூடியிருந்தது. சோப்பு நுரையோடு ஒரு குண்டானைக் கையில் பிடித்தபடி மணியம்மாள் புதுச் சுவரில் காதை ஒட்ட வைத்து நின்றாள். தலைக்கு மேல் நிழல் தட்டியதும் நிமிர்ந்தாள். இருவர் கண்ணும் நேருக்கு நேர்.

"இன்னாடி ஒட்டுக் கேக்கற?" என்றாள் ஆண்டாள்.

மணியம்மாள் காதைச் சுவரிலிருந்து எடுத்தாள். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"கெடேரியா, காளையா?"

"ஒனக்கு இன்னாத்துக்குடி அது? பேனர்ல போடப் போறியா?"

"சொல்லாட்டி போயேன். தெனமும் மாட்டாண்ட கத்துவியே, அத்தயாச்சும் ஒழுங்கா கத்து. ஆறடிக்கு செவுர வச்சிகினு மொணமொணன்னா யாரு காதுல வுழும்? பத்து நாளா ஒண்ணும் கேக்கல எனக்கு!"

ஆண்டாள் கல்லிலிருந்து இறங்கினாள். கொட்டகைக்குள் போய்ச் செவலையின் கயிற்றை அவிழ்த்து, தகரத்துக்கு வெளியே கொண்டுவந்து, சுவரோரம் வெட்டவெளியில் கட்டினாள். கன்றையும் தூக்கிக்கொண்டு வந்து அதன் முன்னால் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"கெடேரிடி செவலை! கெடேரி! டாக்டரும் இல்ல ஒருத்தனும் இல்ல, நானே இழுத்தேன்!"

சுவரைத் தாண்டி வந்தது குரல்.

"கெடேரியாம்டி கருப்பி. ஊருல எவளும் கன்னு இழுக்காத மாதிரி அலட்டல பாரு. இனிமே சீம்பாலு காச்சி ஊருக்கெல்லாம் குடுப்பாளுங்க. இங்க கொண்டாந்து நீட்டினா நான் தொடக்கூட மாட்டேன், சொல்லிட்டேன்."

ஆண்டாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திமிர் பிடித்த கழுதை, இன்னும் அடங்கவில்லையே! அவள் முக்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வசதியாக உட்கார்ந்தாள்.

"பத்து நாளு கதை பாக்கி இருக்குது செவலை," என்றாள். "மொதல்லேருந்து சொல்றேன், கேளு."