பொகவந்தலாவையில் நீலச் சுவர் வீடு

பன்னிரண்டு வருடம் ஆவணப்படங்களுக்குக் கேமரா பிடித்தவன் நான். இப்போதுதான் முதன்முறையாக ஒரு கதைப்படத்தை இயக்கப் போகிறேன். அதற்கு ஒரு லயம் தேவைப்பட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பழைய வீடுகள். அதைத் தேடித்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன்.

கொழும்பு கோட்டையிலிருந்து காலை 5.55 ரயில். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். வட்டவளை தாண்டியதும் குளிர் பிடித்துக்கொள்ளும். ஹட்டனில் இறங்கி, நோர்வூட் வழியாக பொகவந்தலாவை பஸ்; வளைந்து வளைந்து ஒன்றரை மணி நேரம். வயிறு ஒத்துழைக்காதவர்கள் வெறும் வயிற்றோடு ஏறுவது நல்லது. பஜாரிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ அறுநூறு ரூபாய்.

ஆட்டோக்காரர்தான் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பரமேஸ்வரி அக்காவின் வீட்டைக் காட்டினார். முன்சுவர் பளிச்சென்று நீலம். எனக்கு ஏமாற்றம். தயாரிப்பாளர் கேட்டிருந்தது வறுமை.

நான் வாயைத் திறக்குமுன் அக்காவே கேட்டார்: "மலைக்குப் போற உடுப்ப போட்டுக்கவா சார்? படம் எடுக்க வர்றவங்க எல்லாம் அதத்தான கேப்பாங்க."

"போட்டுக்குங்க" என்றேன். சுவரை மறைக்கச் சாக்குகளையும் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கட்டினார்கள். இடுப்பில் படங்குத் துணியைக் கட்டி, கொழுந்துக் கூடையும் மாட்டிக்கொண்டு அக்கா வாசலில் நின்றார். வெயிலைப் பார்த்து நிற்கச் சொன்னேன். சில புகைப்படங்கள் எடுத்தேன்.

அவர் மகள் கோகிலா பாடசாலை ஆசிரியை. டியூஷன் வகுப்பு முடித்து அப்போதுதான் வந்தார்.

"அம்மா, இன்னைக்கு வேலை இல்லயே?"

"படத்துக்கும்மா. சார் கேட்டாங்க."

கோகிலா சத்தம் போடவில்லை. எடுத்ததைக் காட்டச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா அழுவுறாங்களா இதுல?"

"நான் ஏன்டி அழுவுறேன்? கண்ணுல வெயில் பட்டுச்சு."

எனக்கு முகம் சுட்டது. வெயிலுக்கு எதிரே நிறுத்தினால் கண்ணில் நீர் கோக்கும் என்பது எனக்குத் தெரியும். யோசித்துச் செய்யவில்லை, கை பழக்கத்தில் செய்தது. என் ஆவணப்படங்களில் கண் கலங்கி நிற்கும் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றில் எத்தனை பேர் உண்மையிலேயே அழுதார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவற்றுக்காகத்தான் என்னைப் பாராட்டினார்கள்.

"இந்த பெயிண்ட் நானும் அம்மாவும் லீவுல அடிச்சது சார்" என்றபடி கோகிலா சாக்குகளை அவிழ்க்கத் தொடங்கினார். "அம்மாவ எப்படி எடுக்கணும்னு அவங்கள கேட்டீங்களா?"

மன்னிப்புக் கேட்டு, அவர்கள் கண்முன்னே படங்களை அழித்தேன். பிறகு அக்காவிடம் கேட்டேன். அவர் உள்ளே போய்ப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு விறைப்பாக உட்கார்ந்தார். மகளையும் பக்கத்தில் நிற்க வைத்தார்.

அந்தப் படத்தைத்தான் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். "இது லயம் மாதிரியே இல்லயே" என்றார். இதுதான் லயம், கதையைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. என் கதைப்படம் இப்போதைக்கு அந்தரத்தில்.

போகிறவர்களுக்கு: மூன்று மணிக்கு மேல் மழை உறுதி, குடை எடுங்கள். ஹட்டன் திரும்பும் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள். கேமரா கொண்டுபோனால், எப்படி எடுக்கட்டும் என்று முதலில் கேளுங்கள். இத்தனை வருடத்தில் நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவும் நானாகக் கேட்கவில்லை.