நல்லெண்ணச் சாவி

மாடிப்படியில் எதிரே யார் வந்தாலும் குலுக்கச் சொல்லிக் கையை நீட்டிவிடுகிறாள். பால் போடுகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறும் நான் என்று யாருமே தப்ப முடியாது. முழங்கை இடுப்போடு ஒட்டியிருக்க வேண்டுமாம். நம் கை மேலே இருந்தால் அதிகாரமாம், கீழே இருந்தால் கெஞ்சலாம். "என்னைப் பாக்காதீங்க பெரியம்மா, கேமராவப் பாருங்க" என்கிறாள். கேமரா இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டடை படிந்த மின்சாரப் பெட்டி இருக்கிறது. நான் அதைப் பார்த்துச் சிரிக்கிறேன். "சிரிப்பு ஜாஸ்தி. பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சுன்னு வச்சுக்குங்க. முறிஞ்சாலும் கை குலுக்கணும், சிரிக்கணும். ஆனா பல்லு தெரியக் கூடாது." இதையெல்லாமா காலேஜில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "இதுக்குன்னு தனியா ஒரு பேப்பரே இருக்கு" என்றாள்.

எங்கள் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் ஐநா. எனக்கு நேர் கீழ்வீடு. அம்மாவும் பெண்ணுமாக இரண்டே பேர். பெயர் வைத்தவர் எதிர்வீட்டு லாரி டிரைவர். மோட்டார் போடும் முறையில் வீடுகளுக்குள் சண்டை வந்தபோது, இவள் எல்லோரையும் மொட்டைமாடியில் வட்டமாக உட்காரவைத்தாள். வட்டமாக உட்கார்ந்தால் யாரும் பெரியவர் இல்லையாம். ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று பேசவிட்டாள். எல்லோரும் பேசினோம், டீ குடித்தோம், கீழே இறங்கினோம். மறுநாளும் தண்ணீர் முதலில் எழுந்தவர் வீட்டுக்குத்தான் ஏறியது. "கூட்டம் போட்டு, வருத்தம் தெரிவிச்சுட்டு, அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிட்டாளே, இவ நிஜமாவே ஐநாதான்யா" என்றார் டிரைவர். அவளுக்கு அது கிண்டலாகவே படவில்லை. முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

படிப்பது சர்வதேச உறவுகள், இளங்கலை, கடைசி வருடம். சேர்ந்த செய்தியைச் சொல்ல இனிப்போடு சித்தப்பா வீட்டுக்குப் போனபோது அவர் சிரித்துக்கொண்டே, "உள்ளூர் உறவே தகராறா இருக்கு, இதுல சர்வதேச உறவு வேறயா?" என்றாராம். அதை அவள் அம்மா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போது சிரிக்கத்தான் தோன்றியது.

அவள் துறை இருப்பது கல்லூரி நூலகத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறைக்குப் பக்கத்தில். ஒருமுறை மதியச் சாப்பாட்டை மறந்து போய்விட்டாள் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்; பார்த்தேன். சுவரில் ஓர் உலகப் படம். அதில் இன்று இல்லாத நாடுகள் இருந்தன, இன்று இருக்கும் நாடுகளைக் காணோம். தாடி சார் என்று பிள்ளைகள் அழைக்கும் பேராசிரியர் அந்தப் படத்தைக் குச்சியால் தட்டி, "நாளைக்கு நீங்க உக்காரப்போற நாற்காலி எல்லாம் இங்கதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீனியர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இவளைக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தி மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறாள். ஒருத்தன் இன்ஷூரன்ஸ் விற்கிறான். ஒருத்தர் அதே துறையில் அதே படத்தைத் தட்டுகிறார். தூதரகத்துக்குள் போன ஒரே சீனியர், விசா கேட்கப் போனவன். அதுவும் கிடைக்கவில்லை.

வருடம் ஒருமுறை, நிஜ ஐநா சபையைப் போலவே பிள்ளைகள் நடத்திப் பார்க்கும் மாதிரி மாநாடு நடக்கும். ஆளுக்கு ஒரு நாடு. 'நான்' என்று பேசக் கூடாது, 'என் அரசு' என்றுதான் பேசவேண்டும். பெரிய நாடுகளெல்லாம் நல்ல கோட்டும் நுனிநாக்கு இங்கிலீஷும் இருக்கும் பிள்ளைகளுக்குப் போய்விடும். இவளுக்கு மூன்று வருடமும் ஒரே தீவு. படத்தில் அதைக் காட்டப் புள்ளி வைத்தால் நாட்டைவிடப் புள்ளி பெரிதாக இருக்கும். கோட்டு இல்லையே என்று இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, அம்மா பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய கருநீலத் துணியை ஒட்டுப்போட்டு ஒரு கோட்டு தைத்துக்கொடுத்தாள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன், கிடைக்கவில்லை. அப்படி ஒரு கை அவளுக்கு.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு புள்ளி நாட்டுக்காரி பரிசு வாங்கி வந்தாள். எப்படி என்று அவளே விளக்கினாள். "சின்ன நாட்டுக்கு மிரட்ட முடியாது பெரியம்மா. அதனால முதல்ல நாம ஒண்ணு விட்டுக்கொடுக்கணும். அது நல்லெண்ண நடவடிக்கை. உடனே எதிர்த்தரப்புக்குத் தர்மசங்கடம் ஆயிடும். அவங்களும் ஒரு படி இறங்குவாங்க." நிஜமாகவே இறங்கினார்களாம், ஒவ்வொரு தடவையும். ஏன் இறங்க மாட்டார்கள்? அங்கே இறங்கி வருகிறவனுக்கு மார்க் உண்டு.

இனி கடை விஷயம். தெருமுனையில் இவர்கள் வீட்டுத் தையல் கடை. தாத்தா வாங்கியது, அப்பா, சித்தப்பா இருவர் பெயரிலும் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அங்கே தைத்துத்தான் குடும்பம் நடந்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா ஒற்றை ஆளாகத் தைத்தாள். சித்தப்பாவுக்குத் தன் மூத்த மகனுக்கு அங்கே செல்போன் கடை வைத்துக்கொடுக்க ஆசை. "கடைய எனக்கு விட்டுடுங்க அண்ணி, ஒரு தொகை குடுத்துடறேன்" என்று வருவார். "இதுதாங்க எங்களுக்குச் சோறு" என்று அம்மா மெஷினை மிதிப்பாள். அவர் எழுந்து போவார். வருடக்கணக்கில் இப்படியே ஓடியது. ஓடட்டுமே! ஷட்டர் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு என்ன அவசரம்?

ஐநாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சித்தப்பா ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "எங்க அப்பா கடை, எங்கிட்ட ஒரு சாவி கூட இல்ல. என்னை வெளியாளாட்டம் வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டார். இவளுக்குப் பளிச்சென்று பல்பு எரிந்துவிட்டது. "அம்மா, அதுதான் அவரோட மனக்குறை. ஒரு சாவிய நாமளே குடுத்துட்டுப் பேச்ச ஆரம்பிப்போம். அவரே இறங்கி வருவார், பாரு."

அம்மா மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வாய்க்கு வாய் பேசுகிறவள், நூல்கண்டு வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குகிறவள், இந்த ஒரு விஷயத்தில், "எம்பொண்ணு இதைத்தானே படிக்கிறா" என்று தலையாட்டிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவ்வளவு பெருமை.

முறைப்படியே நடந்திருக்கிறது. துணி வெட்டும் மேசையைத் துடைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சித்தப்பா. அம்மாவின் முழங்கையை இவளே இடுப்போடு ஒட்டிவைத்தாளாம். "கேமராவப் பாருங்க, ரெண்டு பேரும் சிரிங்க." ஒரு கையால் சாவி, மறு கையால் குலுக்கல். போனில் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினாள். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது என்றாள். கலங்கியிருக்கும், ஏன் கலங்காது? இத்தனை வருடம் கேட்டும் கிடைக்காதது டீயும் பிஸ்கெட்டுமாகக் கிடைத்தால் எனக்கும்தான் கலங்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. திங்கள்கிழமை அம்மா போனபோது ஷட்டரில் வேறு பூட்டு. பூட்டை உடைத்திருந்தால் தெரு கேட்டிருக்கும். பட்டப்பகலில் சாவி போட்டுத் திறந்தவரை யார் கேட்பார்கள்? பக்கத்துக் கடைக்காரர் ஏதோ கேட்டதற்கு, சித்தப்பா போனை எடுத்துப் படத்தைக் காட்டியிருக்கிறார். "அண்ணியே சிரிச்சுக்கிட்டுக் குடுத்தாங்க, பாருங்க." ஸ்டேஷனிலும் அதே படம். வக்கீலிடம் ஓடினோம். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். விரித்த துணி, நீட்டிய சாவி, பல் தெரியாத சிரிப்பு எல்லாம் தெளிவாக இருந்தன. "கேஸ் போடலாம்மா, வருஷக்கணக்கா இழுக்கும். மனசார ஒப்படைச்ச மாதிரியில்ல இருக்கு இது! யாரு எடுத்த போட்டோ?" என்றார்.

"நான்தான் சார்" என்றாள் ஐநா.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இவள் பேச்சுவார்த்தைக்குப் போகாமல் இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஃபைலோடு போனாள். சித்தப்பா நாற்காலி இழுத்துப் போட்டார். டீ சொன்னார். "பேசலாம்மா, பேசாம எங்க போகப்போறோம்? இப்ப என்ன அவசரம்?" என்றார். மெஷின்களை மட்டும் தன் ஆட்களை வைத்தே மாடிக்கு ஏற்றி அனுப்பினார். நல்ல மனுஷன் என்று தெருவில் பெயரும் வாங்கிக்கொண்டார். பாவி.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. நிஜ வாழ்க்கையில் ஒரு தகராறை எடுத்துப் படித்த முறையில் தீர்த்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தாராம் தாடி சார். இவள் சாவி கொடுத்த கையோடு, அந்தப் படத்தையும் ஒட்டி எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பிலேயே அதற்குத்தான் முதல் மார்க். பூட்டு மாறிய வாரத்தில் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக்காட்டியிருக்கிறார் அவர். இவள் எழுந்து, "சார், அதுக்கப்புறம் சித்தப்பா பூட்ட மாத்திட்டார்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அருமையான கேஸ் ஸ்டடியா இருக்கே! ரெண்டாவது பாகம் எழுதும்மா" என்றாராம். என்னிடம் அந்த மனிதர் மட்டும் படியில் மாட்டட்டும், கை குலுக்குகிற குலுக்கலில் தோள்பட்டை இறங்கிவிடும்.

டிரைவர் சும்மா இருப்பாரா? "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுனானாம்" என்று படியிலேயே சொன்னார். நான் பிடித்து ஏசிவிட்டேன். அவள் பொய்யா படித்தாள்? கொடுத்த பாடத்தை மனப்பாடமாகப் படித்தாள், நம்பினாள், நம்பியதைச் சொந்த வீட்டிலேயே செய்தாள். கோட்டுக்காரப் பிள்ளைகள் அதையே படித்து, மார்க்கை வாங்கிக்கொண்டு, அப்பாவின் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் யாரும் தங்கள் வீட்டுச் சாவியை யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்போது மெஷின் வீட்டுக் கூடத்தில் ஓடுகிறது. சாப்பாட்டுத் தட்டு வைக்க இடமில்லை. சோற்றில் நூல் கிடக்கிறது. பாதிப் பேர் படியேற முடியாமல் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அம்மா மகளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டித் தொலையேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அவ என்னக்கா பண்ணுவா, படிச்ச பொண்ணு" என்றாள். குரலில் கோபமே இல்லை. பேசும்போது அவள் தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மகளும் மாறவில்லை. படியில் கை நீட்டுவது நிற்கவில்லை. வீட்டுத் தகராறு, கடைத் தகராறு எதையும் தகராறு என்று சொல்லமாட்டாள். 'தேக்க நிலை' என்பாள். "தேக்க நிலைன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல பெரியம்மா" என்பாள். நான் ஆமாம் போடுவேன். வேறு என்ன செய்ய?

நேற்றுக் காலை இஸ்திரிப் பெட்டி கேட்டு இறங்கினேன். இருவரும் ஒன்றாகக் கிளம்பி வாசலில் நின்றார்கள். அம்மா தோளில் சீருடை மூட்டை, பள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்க. மகளுக்குக் கடைசி மாதிரி மாநாடு; கருநீலக் கோட்டு, கழுத்தில் புள்ளி நாட்டின் பெயர் எழுதிய அட்டை. அம்மா கதவைப் பூட்டினாள். அந்த வீட்டுக்கு ஒரே சாவி. மகள்தான் முதலில் திரும்புவாள் என்பதால் எப்போதும் அவளிடமே இருக்கும். காலேஜ் அடையாள அட்டையின் கயிற்றில் கோத்துவைத்திருப்பாள். வழக்கம்போலக் கையை நீட்டினாள்.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அதைத் தாண்டி வந்து என் உள்ளங்கையில் சாவியை வைத்தாள். "உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. இவ வந்தா நீங்களே தொறந்து விட்டுடுங்க." மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனாள்.

மகள் நீட்டிய கையை மடக்கவில்லை. சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டு நின்ற என் கையை எட்டிப் பிடித்தாள். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒருமுறை குலுக்கினாள். மின்சாரப் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி, பல் தெரியாமல் சிரித்தாள்.