முனியாண்டிக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று

சைக்கிள் வாடகைக்கு விடும் தொழிலில், ஆட்கள் புறப்படும்போது நம்மோடு சண்டை போடுவார்கள், இறக்கத்தில் பிரேக்கோடு சண்டை போடுவார்கள், திரும்பி வந்து மறுபடியும் நம்மோடுதான் போடுவார்கள். கூடாரமோ பாத்திரமோ, காடி என்று நாங்கள் சொல்லும் காரோ, சொந்தப் பொருளை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. மீதிப் படிப்பைப் பிரிஞ்சாங் சந்தையில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே பேரம் பேசிப் படித்தேன். அந்தப் படிப்பில் பணிவுக்குப் பாடம் கிடையாது.

சங்கிலி

என் கடை தேயிலைத் தோட்டத்தின் மேல் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து தோட்டத்து ரோடு வளைந்து வளைந்து கீழே ஆலைக்கும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கும் இறங்கும். பெரிய ரோட்டில் டூர் பஸ்ஸும் காய்கறி லோரியும் உரசிக்கொண்டு ஓடுவதால், பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு அதில் மிதிக்க யாருக்கும் துணிச்சல் வராது. லயத்துப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடவும் சாமான் வாங்கவும் தோட்டத்து ரோட்டில்தான் சைக்கிளில் போய் வருவார்கள். ஏற்றத்தில் தள்ளுவார்கள், இறக்கத்தில் ஏறிக்கொள்வார்கள். என் தங்கையும் அவர்களில் ஒருத்தி.

டவுனிலிருந்து வரும் குடும்பங்களையும் அதே ரோட்டில் விடவேண்டும் என்று சின்னத்துரையிடம் போய் நின்றேன். ஈப்போக்காரர், வயதில் சின்னவர், உதவி மேனேஜர். தோட்டத்தில் அந்தப் பதவிக்குப் பெயர் இன்னும் சின்னத்துரைதான். எல்லா நாளும் வேண்டும் என்றேன். முடியாது என்றார். நான் குரலை ஏற்றினேன், அவர் குரலை இறக்கினார். அப்படி இறக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் ஏறும். கடைசியில், இலை பறிக்காத, லோரி ஓடாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று பேரம் படிந்தது. நான் வெளியே வரும்போது பின்னாலிருந்து சொன்னார்: "ஒருத்தர் விழுந்தாலும் மறுநாளே கேட்டுல சங்கிலி போட்டுருவேன்க்கா. உங்க சைக்கிளுக்கு மட்டும் இல்ல, லயத்து சைக்கிளுக்கும் சேத்துதான்."

ஹாரனில் பங்கு

ரோட்டின் பாதி வழியில் முனியாண்டி கோயில் வளைவு. மேல் தேயிலைக் காட்டிலிருந்து வரும் இலை லோரி அங்கேதான் ரோட்டில் சேரும். லோரி ஓட்டும் மணியம் அண்ணன், முனியாண்டிக்கு ஒரு ஹாரன் அடிக்காமல் அந்த வளைவைத் தாண்டியதே கிடையாது. அதில்தான் எனக்குப் பயம். தினமும் கேட்டுக் கேட்டு, அது சாமிக்கு அடிப்பது, நமக்கில்லை என்று லயத்துப் பிள்ளைகள் திரும்பியே பார்க்கமாட்டார்கள்.

சைக்கிள்காரர்களுக்கென்று தனியாக இன்னொன்று அடிக்கச் சொன்னேன். அண்ணன் முறைத்தார். மாட்டேன் என்றார். டீசல் லோரிக்கு ஹாரனில் என்ன செலவு என்று நான் கேட்டதும் இன்னும் முறைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்கு மாலை என் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் முகம் இளகியது. மறுநாளிலிருந்து இரண்டு ஹாரன் கேட்டது. ஆனால் அன்றைக்கு என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "சாமிக்கு அடிக்கிற ஹாரன்ல பங்கு கேட்ட மொத ஆளு நீதான் தனம்."

ரெண்டே போதும்

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.எல்லிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, எட்டு வயசு மகள் யாழினி. கணவருக்குச் சர்க்கரை. உடம்பை அசைக்கச் சொல்லி டாக்டர் விரட்ட, குடும்பத்தோடு அசைப்போம் என்று மனைவி மலைக்குக் கூட்டி வந்திருக்கிறார். கணவர் கேட்டது இரண்டு சைக்கிள். மகள் பின்னால் கேரியரில் உட்காருவாளாம். ஈர ரோட்டு இறக்கத்தில் கேரியரில் பிள்ளையா? மூன்று சைக்கிள், இல்லாவிட்டால் நடந்து போங்கள் என்றேன். அவர் பேசினார், நான் பேசினேன், மூன்று சைக்கிள் வெளியே வந்தது. வழக்கம்போல், சைக்கிள் திரும்பும்வரை பிணையாக அவர்கள் காடிச் சாவியையும் வாங்கி இழுப்பறையில் போட்டேன்.

பிறகு பாடம் நடத்தினேன். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இறங்கக்கூடாது, பிடித்துப் பிடித்து விடவேண்டும். இரண்டு ஹாரன் கேட்டால் உடனே இறங்கி மலைப் பக்கம் நிற்கவேண்டும். பள்ளத்துப் பக்கம் மண் இளகியிருக்கும், அங்கே காலே வைக்கக்கூடாது. யாழினி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அப்பா சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை லோரியே ஓடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பிறகு ஹாரனுக்கு எதற்குப் பாடம் என்றார். ஜிம்மில் தினமும் சைக்கிள் மிதிக்கிறவராம். மனைவி ஹெல்மெட் வாரை மாட்டியபடி சொன்னார்: "ஜிம்மு சைக்கிள் நின்ன எடத்துலயே நிக்குங்க. அக்கா சொல்றதக் கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஹாரன்

அவர்கள் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் பனி மூடியது. ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். கீழே கோயில் வளைவில் ஹாரன் கேட்டது. கை நின்றுவிட்டது. சாமி கும்பிட வந்த யாரோ என்று மனசு சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது ஹாரன் கேட்டது. அந்த வளைவில் இரண்டு அடிக்கிறவர் இந்த மலையிலேயே ஒருவர்தான்.

மோட்டார் சைக்கிளை உதைத்து இறங்கினேன். முதலில் அந்த மூன்று பேர்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே கேட்டுச் சங்கிலியும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெரிய ரோட்டில் என் தங்கையும் மனசில் வந்தார்கள். கோயிலைத் தாண்டினால் லோரி குறுக்காக நிற்கிறது, வழிய வழிய இலைச் சாக்கு. மணியம் அண்ணன் கீழே இறங்கி நிற்கிறார். தாயும் மகளும் மலைப் பக்கம் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார்கள். ரோட்டோரம் ஒரு சைக்கிள் கவிழ்ந்து கிடக்கிறது. அப்பாவைக் காணவில்லை. எங்கேண்ணே என்று கத்தினேன். அண்ணன் கொஞ்சம் தள்ளி, மலையடியில் மழைத்தண்ணீர் ஓடும் கால்வாயைக் காட்டினார்.

முழங்கால் வரை செந்தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார் மனுஷன். பிரேக்கை விடாமல் இறுக்கியே வந்திருக்கிறார், ஈரத்தில் அது கடைசியில் கைவிட்டுவிட்டது. ஹாரன் கேட்டதும் மகள், அப்பா மலைப் பக்கம் என்று அலறியிருக்கிறாள். அவர் அந்தப் பக்கம் ஒடித்ததில் சைக்கிள் கரையிலும் அவர் கால்வாயிலுமாகப் போயிருக்கிறார்கள். ஒரு நொடி முன்பு அவர் ரோட்டில் இருந்த இடத்தில்தான் லோரி போய் நின்றிருக்கிறது. உள்ளங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அதற்குள் கீழேயிருந்து சின்னத்துரையின் ஜீப் வந்தது. இறங்கினார், கால்வாயைப் பார்த்தார், விழுந்தது யார் என்று கேட்டார். நான் கவிழ்ந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தப் போனேன். யாழினிதான் சொன்னாள்: "அப்பா விழல அங்கிள். அக்கா சொன்ன மாதிரி எறங்கி மலப் பக்கம் நின்னாரு. கொஞ்சம் ஆழமா நின்னுட்டாரு."

சாவி

முதலில் சிரித்தது மணியம் அண்ணன். பிறகு கால்வாயில் நின்றவரும் சிரித்தார். சின்னத்துரை சிரிக்கவில்லை. அவரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் லோரியை விட்டது யார், எனக்கு ஏன் ஒரு வார்த்தை வரவில்லை என்று பிடித்தேன். மழையில் பறிப்பு நின்று இலை முற்றிப் போச்சு, அதனால் ஞாயிறும் வேலை, லயத்து வாட்ஸ்அப்பில் போட்டாச்சு என்றார். நான் லயத்தை விட்டுக் கடைக்கு வந்து எத்தனை வருஷமாச்சு, எந்த வாட்ஸ்அப்பில் பார்ப்பது என்றேன். வழக்கமாகக் குரலை இறக்குகிறவர், அன்றைக்குக் கண்ணை இறக்கினார். தன் சைக்கிள் பிரேக்கை இன்னும் விடாமல் பிடித்திருந்த யாழினியின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் கேட்டில் சங்கிலி தொங்கியது. ஓடிப் போனேன். சின்னத்துரை பூட்டோடு நின்றார். ஞாயிற்றுக்கிழமை இலை பறித்தால் மட்டும் சங்கிலி, மற்றபடி என் சைக்கிளும் லயத்து சைக்கிளும் வழக்கம்போலப் போகலாம் என்றார். நான் பேரத்தைத் தொடங்க வாயெடுத்தேன். அதற்குள் என் கையில் சாவியை வைத்துவிட்டார்: "இனிமே பூட்டுறதும் தெறக்குறதும் நீங்கதான்க்கா. ரோடு ஏன் மூடியிருக்குன்னு சண்ட போடணும்னா உங்களோடயே போட்டுக்குங்க லா."

ஊரார் காடிச் சாவியை இழுப்பறையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், இந்த ஒரு சாவி கைக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மணியம் அண்ணனுக்குப் போன் போட்டு லோரி தூங்குகிறதா என்று கேட்காமல் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.