முகோம்பேரோவின் நடுவேர்

கென்யாவின் ககமேகா ஊர் வேன் ஸ்டாண்டில் லிஹாண்டாவைத் தெரியாத ஓட்டுநர் கிடையாது. முகோம்பேரோ என்ற கொடியின் வேர்களைக் கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு துண்டு மென்னு பாருண்ணே. ராத்திரி அண்ணி எனக்கு நன்றி சொல்லுவாங்க" என்பான்.

அவன் விற்ற வேரில் பாதி காட்டிலிருந்து வந்தது. மீதி, அவன் மனைவி முசிம்பி வீட்டு வேலிமரத்தில் ஏற்றிவிட்டிருந்த கொடியினுடையது. மகன் இங்கோசிக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தை தங்காமல் போனபோது, அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இந்த வேரின் பட்டையை மென்றுதான் பசி திரும்பியது. அதிலிருந்து ஒரு கொடியை வீட்டிலேயே வளர்த்தாள். பக்கவேரை மட்டும் வெட்டி மண்ணை மூடிவிடுவாள். நடுவேர் போனால் கொடியும் போய்விடும்.

அவளுடைய அண்ணன் இறந்து, அவள் ஊருக்குப் போயிருந்த வாரம் அது.

"என்னடா இது, வேரா, பல்குத்துற குச்சியா? இதைக் கொண்டுபோனா என் பொண்டாட்டி சிரிப்பாடா" என்று ஓர் ஓட்டுநர் சீண்டினான். ஸ்டாண்டே சிரித்தது. மறுநாள் லிஹாண்டா கைப்பருமனில் ஒரு வேரைக் கொண்டுபோய் நீட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

முசிம்பி திரும்பியபோது கொடி பச்சையாகத்தான் இருந்தது. அண்ணனைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் நடுவேரை வெட்டியதை எப்படிச் சொல்வது என்று அவன் தள்ளிப்போட்டான். சில நாளில் இலைகள் தொங்கின.

"இங்கோசி அப்பா, பூச்சி விழுந்திருக்கு போல. சாம்பல் போடட்டுமா?"

"போடு. சரியாயிடும்."

வேரை வெட்டியதைவிட, இப்படிச் சொன்னதை நினைத்துத்தான் அவன் பிற்பாடு அதிகம் நொந்தான்.

சாம்பல் கலக்க மண்ணைக் கிளறியவள் வெட்டுவாயைப் பார்த்தாள். மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"காட்டுலேருந்து வேற கொடி கொண்டாறேன் முசிம்பி."

"கொண்டா, யாரு வேண்டாங்கிறா? போடுன்னு சொன்னியே, அப்ப என்னை என்னன்னு நினைச்சே?"

மறுநாளே அவன் காட்டுக்குப் போனான்.

புதுக்கொடி வைத்தான். அதுவும் பிடித்துக்கொண்டது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சந்தை நாளில் கசாண்டி என்பவளின் கடை முன்னால் குனிந்து, முசிம்பி தனக்கான வேரைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன லிஹாண்டா, உன் சரக்கு உன் வீட்டுலயே போணி ஆகலையா?" என்றான் அதே ஓட்டுநர்.

எதற்கும் ஒரு வேடிக்கைப் பதில் வைத்திருக்கும் லிஹாண்டா, தோளிலிருந்த கட்டை இறக்கி, நன்றாகவே இருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.